குமரி ஆறுகளுக்கு எந்த வள்ளம்?

"அண்ணே, ஆத்துல போய் மீன் பிடிக்க ஒரு வள்ளம் வாங்கணும். எத வாங்கலாம்?" என்று சித்தி மகன் போன மாதம் கேட்டான். மார்த்தாண்டத்தில் மாடி வீட்டில் இருக்கிறான். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. மஞ்சள் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் கயாக்கின் படத்தையும் அனுப்பியிருந்தான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனாலும் உடனே "சரி, வாங்கு" என்று சொல்ல மனம் வரவில்லை. பதினோரு வருடமாக இந்த மாவட்டத்து ஆறுகளில் துடுப்பு போட்டு வருகிறேன். மர வள்ளம், ஃபைபர் வள்ளம், பிளாஸ்டிக் கயாக், காற்றடைத்த கயாக் என்று நாலிலும் உட்கார்ந்து மீன் பிடித்திருக்கிறேன். இரண்டை விலை கொடுத்து வாங்கி, ஒன்றை விற்றிருக்கிறேன். அவனுக்குச் சொன்னதையே இங்கே விரிவாக எழுதுகிறேன். அவனைப் போல யோசித்துக்கொண்டிருக்கும் பலர் குமரியில் இருக்கிறார்கள்.

படகைப் பார்ப்பதற்கு முன்னால் ஆற்றைப் பார்க்க வேண்டும். நம் ஆறுகள் குட்டையானவை. பழையாறு சுருளகோட்டுப் பக்கம் தொடங்கி மணக்குடியில் கடலில் சேர சுமார் 37 கிலோமீட்டர்தான். அந்தத் தூரத்துக்குள் எத்தனை அணைக்கட்டுகள்! சோழன்திட்டை, சபரி அணை, குமரி அணை, பிள்ளைப்பெத்தான் அணை என்று வரிசையாக வரும். நாஞ்சில் நாட்டு வயல்களுக்குத் தண்ணீர் திருப்புவதற்காக அந்தக் காலத்திலேயே ஆற்றுக்குக் குறுக்கே கட்டியவை. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் விளைந்தது அவற்றால்தான். ஆனால் படகில் போகிறவனுக்கு ஒவ்வொரு அணைக்கட்டும் ஒரு முட்டுக்கட்டை. கரையேறி, படகைத் தூக்கி, சரிவில் இறங்கி, மறுபடி தண்ணீரில் வைக்க வேண்டும்.

குழித்துறை ஆறும் கிட்டத்தட்ட அப்படித்தான். இதற்கும் தாமிரபரணி என்றுதான் பெயர், நெல்லைத் தாமிரபரணி வேறு. கோதையாறும் பறளியாறும் திருவட்டாறுக்குப் பக்கத்தில் மூவாற்றுமுகத்தில் சேர்ந்து பெரிய ஆறாகின்றன. அங்கிருந்து குழித்துறை வரைக்கும் கோடையில் பாறை தலைகாட்டும். குழித்துறையில் சப்பாத்து, அதாவது தண்ணீரைத் தேக்கி நிற்கும் தரைப்பாலம். அதற்குக் கீழே போனால், கடல்நீர் ஏறாமல் இருக்கப் பரக்காணியில் கட்டிய தடுப்பணை. அதைத் தாண்டினால் தேங்காய்ப்பட்டணம் பொழிமுகம், ஆறு கடலில் சேரும் வாய்.

அதனால் குமரியில் படகு வாங்குகிறவன் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எவ்வளவு வேகமாகப் போகும்?" என்பதல்ல, "ஒற்றை ஆளாகத் தூக்க முடியுமா?" என்பதுதான். விற்கிறவர்கள் நீளம், அகலம், எத்தனை தூண்டில் செருகலாம், இருக்கை எவ்வளவு சொகுசு என்றெல்லாம் சொல்வார்கள். எடையை நாமாகக் கேட்டு வாங்க வேண்டும். வெறும் படகின் எடை போதாது. இருக்கை, துடுப்பு, தூண்டில், தண்ணீர் போத்தல், பிடித்த மீன் எல்லாம் சேர்ந்ததுதான் கரையேற்ற வேண்டிய பாரம்.

மர வள்ளம்

கனூ என்று வெளிநாட்டில் சொல்லும் படகுக்கு நம் ஊர் உருவம் வள்ளம். மேல்பக்கம் திறந்திருக்கும், ஒரு பக்கம் மட்டும் அலகுள்ள துடுப்பு, ஆழம் குறைந்த இடத்தில் ஊன்றிப் போகக் கழி. கயாக்கில் உட்கார்ந்து காலை நீட்டி, இரண்டு பக்கமும் அலகுள்ள துடுப்பால் மாற்றி மாற்றி வலிக்க வேண்டும். அடிப்படை வித்தியாசம் அவ்வளவுதான்.

நல்ல வள்ளம் என்றால் அயினி மரம். பலகைகளைக் கயிற்றால் தைத்து இணைத்த பழைய வள்ளங்கள் காயல் ஓரங்களில் இன்னும் ஒன்றிரண்டு கிடக்கின்றன. மழைக்காலம் முடிந்ததும் கவிழ்த்துப் போட்டு, காயவைத்து, அண்டியெண்ணெய் பூசுவார்கள். முந்திரிக் கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கும் அந்தக் கருப்பு எண்ணெய் மரத்தில் ஊறினால் பூச்சி அரிக்காது, தண்ணீரும் ஏறாது. கையில் பட்டால் தோல் வெந்துபோகும். அந்த வாசனை அடித்தாலே எனக்கு வள்ளம் இறக்கும் காலம் வந்துவிட்டது என்று தோன்றும்.

வள்ளத்துக்கு இரண்டு பெருமை உண்டு. ஒன்று, அதில் எழுந்து நிற்கலாம். வீச்சுவலை எறிகிறவனுக்கு வேறு வழியே கிடையாது. இடுப்பைத் திருப்பி வலையை விரித்து வீசும்போது கால் ஊன்ற இடம் வேண்டும். கயாக்கில் அதைச் செய்து பார்க்க வேண்டாம், வலையோடு நாமும் தண்ணீருக்குள் போவோம். இரண்டாவது, சத்தம் இல்லை. பிளாஸ்டிக் படகு உள்ளே வெறுமையாக இருப்பதால் துடுப்பு லேசாகத் தட்டினாலும் உடுக்கை மாதிரி ஒலிக்கும். மரம் ஒலியை வாங்கிக்கொள்ளும். கரிமீன் இருக்கும் இடத்தில் இது பெரிய வித்தியாசம்.

குறை, எடைதான். சின்ன வள்ளமானாலும் கரையேற்ற நாலு பேர் வேண்டும். அது எந்தத் தண்ணீரில் கிடக்கிறதோ அந்தத் தண்ணீருக்கு மட்டும்தான் உதவும். பழையாற்றில் மேலிருந்து கீழே வரலாம் என்ற நினைப்பை விட்டுவிட வேண்டும். கட்டித் தரும் ஆசாரிமாரும் குறைந்துவிட்டார்கள், அயினிப் பலகையின் விலையும் நம் கைக்கு எட்டுவதாக இல்லை. அதனால் மர வள்ளத்தைச் சொந்தமாக வாங்கு என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. ஆனால் அதில் ஏறிப் போ என்று எல்லோருக்கும் சொல்வேன். அதைக் கீழே மணக்குடியைப் பற்றிச் சொல்லும்போது எழுதுகிறேன்.

ஃபைபர் வள்ளம்

கடலோர ஊர்களில் இப்போது எங்கே பார்த்தாலும் ஃபைபர்தான். அதே அச்சில் சின்னதாக, ஆற்றுக்கும் காயலுக்கும் ஏற்ற மாதிரி செய்து தருகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேர் சேர்ந்தால் தூக்கலாம். டெம்போவில் ஏற்றலாம்.

இதன் பெரிய பலம் பழுதுபார்ப்பு. பாறையில் இடித்துக் கீறல் விழுந்ததா? கடலோரத்தில் ஏதாவது ஒரு ஊருக்குள் போய்க் கேளுங்கள், ஃபைபர் ஒட்டுகிறவர் ஒருவர் இருப்பார். கண்ணாடி இழைப் பாயும் ரெசின் பசையும் வைத்து ஒட்டித் தேய்த்து, மறுநாள் எடுத்துக்கொள்ளச் சொல்வார். கயாக் செய்யும் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கில் பசை நிற்காது, அதைச் சூடாக்கி உருக்கித்தான் ஒட்ட வேண்டும், அதற்கான ஆள் லேசில் கிடைப்பதில்லை. நண்பர்கள் இரண்டு பேர் சேர்ந்து, ஆற்றங்கரையிலேயே வீடுள்ள ஒருவரின் தோட்டத்தில் போட்டுவைக்க முடியுமானால் ஃபைபர் வள்ளம் நல்ல தேர்வு. இடம் இல்லாதவனுக்கு அது வீட்டு வாசலில் கிடக்கும் பாரம்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். விலை குறைத்துச் செய்தவற்றில் முன்னும் பின்னும் காற்று அறை இருக்காது. தண்ணீர் நிரம்பினால் அப்படியே அமுங்கிவிடும். வாங்கும்போதே இரண்டு முனையிலும் தெர்மோகோல் அடைத்து மூடித் தரச் சொல்லுங்கள்.

பிளாஸ்டிக் கயாக்

சித்தி மகன் படம் அனுப்பியது இந்த வகை. மேலே உட்கார்ந்து ஓட்டுவது. உடம்பு உள்ளே அடைபடாது, கவிழ்ந்தால் வெளியே விழுவோம், படகைத் திருப்பிப் போட்டு மறுபடி ஏறிக்கொள்ளலாம். உட்காரும் இடத்தில் உள்ள ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் தானாக வடிந்துவிடும். புதிதாகத் துடுப்பு பிடிக்கிறவனுக்கு இவ்வளவு பாதுகாப்பான படகு வேறு இல்லை என்பது என் எண்ணம். பாறையில் உரசினால் கீறல் விழும், அவ்வளவுதான். மூவாற்றுமுகத்துக்குக் கீழே உள்ள பாறைகளில் என் கயாக்கின் அடிப்பாகம் முழுக்கக் கோடு கோடாகிவிட்டது. இதுவரை ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.

ஒற்றை ஆள் கயாக் 22 முதல் 30 கிலோ வரை இருக்கும். தரையில் வைத்து ஒரு முனையைப் பிடித்து இழுக்கலாம், பின்னால் சக்கரம் மாட்டும் வண்டி வாங்கினால் உருட்டியும் போகலாம். ஆனால் ஆற்றங்கரைப் படித்துறையில் சக்கரம் உருளாது. தோளில் வைத்தே தீர வேண்டும். முப்பது வயதில் அது ஒன்றுமில்லை. எனக்கு இப்போது ஒவ்வொரு அணைக்கட்டிலும் இடுப்பு ஞாபகப்படுத்துகிறது.

அப்புறம், வீட்டிலிருந்து ஆற்றுக்கு எப்படிக் கொண்டுபோவது? காரின் மேல் கம்பி மாட்டிக் கட்டலாம். கார் இல்லாதவன் ஒவ்வொரு தடவையும் டெம்போ பிடிக்க வேண்டும். விலையோ ஓரளவு நல்ல பழைய ஸ்கூட்டர் ஒன்றின் விலை. வாங்கிய முதல் மாதம் நாலு தடவை போய்விட்டு, பிறகு மொட்டை மாடியில் வெயிலில் கிடந்து நெளிந்துபோன கயாக்குகளை நான் பார்த்திருக்கிறேன். வெயிலில் போட வேண்டிய கட்டாயம் இருந்தால் கவிழ்த்துப் போடுங்கள், இறுக்கிக் கட்ட வேண்டாம். சூட்டில் அழுத்தம் படும் இடம் உள்வாங்கிவிடும்.

பிளாஸ்டிக் கயாக் அதற்கே உரிய மேன்மையைக் காட்டும் இடம் குழித்துறைக்குக் கீழே தேங்காய்ப்பட்டணம் போகும் வழி. ஆறு அகன்று, இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு, நீரில் மெல்ல உப்பு ஏறும். எதிர்க்காற்று வந்தாலும் கயாக் நேராகப் போகும், படகின் அடிப்பாகத்தில் உள்ள மேடும் பள்ளமும் அதற்குப் போதும். கரிமீன், மடவை, இன்னும் கீழே போனால் கொடுவாவும் செம்பல்லியும். உயிருள்ள இறாலை, மேற்குப் பக்கத்துப் பேச்சில் சொன்னால் கொஞ்சை, முள்ளில் கோத்துப் பாலத் தூணுக்குப் பக்கத்தில் விட்டால் கொடுவா வந்து அடிக்கும் அடியில் படகே திரும்பும். ஆனால் பொழிமுகத்துக்குப் பக்கத்தில் போகாதீர்கள். தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தின் வாயில் பெரிய வள்ளங்களே அலையில் கவிழ்ந்து உயிர்கள் போயிருக்கின்றன. நம் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்தான் என்றாலும், மழை வெள்ளமும் வற்றமும் ஒன்றாகச் சேர்ந்தால் கடலுக்குள் இழுக்கும் இழுப்பைத் துடுப்பால் எதிர்க்க முடியாது.

காற்றடைத்த கயாக்

இதைத்தான் நான் முதலில் வாங்கினேன், பிறகு விற்றேன். ஆனாலும் இதைப் பற்றி நல்லதாகச் சொல்ல நிறைய இருக்கிறது.

சுருட்டினால் ஒரு பெரிய பை. 10 முதல் 17 கிலோ. ஸ்கூட்டரின் முன்னால் கால் வைக்கும் இடத்தில் வைத்து, பம்பைப் பின்னால் கட்டி, வேர்க்கிளம்பியோ திருவட்டாறோ போய்விடலாம். அரசுப் பேருந்தில் கூடக் கொண்டுபோயிருக்கிறேன். அணைக்கட்டு வந்தால் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடக்கலாம். ஒரே நாளில் பழையாற்றின் மூன்று தேக்கங்களில் இறங்கியது இந்தப் படகில்தான், வேறு எதிலும் அது நடக்காது.

இதிலும் இரண்டு தரம் உண்டு. பத்தாயிரம் ரூபாய் சுற்றி விற்கும் மெல்லிய வினைல் படகு ஒன்று. அடியில் மெத்தை மாதிரி குமிழ் குமிழாக இருக்கும், காலை வைத்தால் அமுங்கும், திசை நிற்காது, காற்றில் இலை மாதிரி அலையும். இன்னொன்று தடித்த பி.வி.சி. துணியில் செய்தது. மேல் கீழ் துணிகளை ஆயிரக்கணக்கான நூலால் உள்ளே இணைத்திருப்பார்கள், அதனால் அழுத்தமாகக் காற்றடித்தால் பலகை மாதிரி விறைப்பாக நிற்கும். விலை மூன்று நாலு மடங்கு. நான் வாங்கியது முதல் வகை. அதுதான் என் தவறு.

ஒரு மாசி மாதக் காலையில், குழித்துறையில் சப்பாத்துக்கு மேலே தேங்கிய தண்ணீரில் மண்புழு கோத்துப் போட்டிருந்தேன். தக்கை ஒரே அமுக்காக அமுங்கியது. இழுத்தால் கெளுத்தி, முக்கால் கிலோ இருக்கும். தங்கூசி நரம்போடு தூக்கிப் படகுக்குள் போட்டேன். அது துள்ளித் துள்ளி ஒரு சுற்று சுற்றி, முதுகு முள்ளை விறைத்துக்கொண்டு பக்கவாட்டுக் குழாயில் உரசியது. பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை. சைக்கிள் டியூபில் வால்வு கசிவது போல ஒரு சீறல். விரலால் ஓட்டையைப் பொத்திக்கொண்டு, மறு கையால் துடுப்பு போட்டுக் கரை சேர்ந்தேன். அறை அறையாகப் பிரித்துக் காற்றடைத்த படகு என்பதால் மூழ்கவில்லை. கெளுத்தி, ஆரல், கரிமீன் எல்லாவற்றுக்கும் முள் உண்டு. காற்றடைத்த படகில் மீன் பிடிப்பதானால் பிடித்த மீனை உள்ளே போடாமல், பக்கத்தில் வைத்த பிளாஸ்டிக் வாளிக்குள் நேராக இறக்க வேண்டும். வாளியை மறந்துவிட்டுப் போகும் நாளில் மீன் பிடிக்காமல் சுற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மற்ற ஆபத்துகள் கரையில் இருக்கின்றன. ஆற்றோரம் தாழை அடர்ந்து நிற்கும் இடங்களில் அதன் மடல் முள் உரசினாலே மெல்லிய வினைல் போய்விடும். படித்துறைகளில் உடைந்த கண்ணாடிப் போத்தல். மணக்குடியில் பாலத் தூண்களில் ஒட்டியிருக்கும் சிப்பி, கத்தி மாதிரி. வெயிலும் ஒரு எதிரி. காலையில் குளிர்ந்த நேரத்தில் நிறையக் காற்றடித்துவிட்டு, பத்து மணிக்குக் கரையில் ஏற்றி வைத்துக் காப்பி குடிக்கப் போனால், உள்ளே காற்று விரிந்து ஒட்டுப் பிரியும். கரையேற்றியதும் கொஞ்சம் காற்றை இறக்கிவிட வேண்டும்.

காற்று என்றதும் இன்னொன்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றைப் பற்றி நம் ஊர்க்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை, முப்பந்தலில் காற்றாலைகளை வைத்ததே அதனால்தான். ஆனி, ஆடியில் மணக்குடிக் காயல் மாதிரித் திறந்த தண்ணீரில் காற்றடைத்த படகை இறக்கினால், நாம் போக நினைத்த இடத்துக்குப் போக மாட்டோம். காற்று எங்கே கொண்டுபோகிறதோ அங்கேதான் போவோம்.

மணக்குடியில் ஒரு காலை

நாலையும் சொல்லிவிட்டேன். இப்போது வாடகை வள்ளத்தைச் சொல்ல வேண்டும், பலர் இதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை.

மணக்குடிப் பொழிமுகம் எப்போதும் ஒரே மாதிரி இருக்காது. மழை குறைந்த மாதங்களில் கடல் மணலைக் கொண்டுவந்து குவித்து வாயை அடைத்துவிடும், மழை வந்தால் முறியும், சில வருடம் ஊர்க்காரர்களே வெட்டிவிடுவார்கள். அடைந்திருந்தால் காயல் குளம் மாதிரி. முறிந்திருந்தால் ஏற்றத்துக்கு உப்புத் தண்ணீர், வற்றத்துக்கு ஆற்றுத் தண்ணீர். மீனும் அதற்கேற்ப மாறும். இது எதுவும் வெளியிலிருந்து வருகிறவனுக்குத் தெரியாது.

பிளாஸ்டிக் கயாக்கை முதல் தடவை அங்கே கொண்டுபோனபோது, வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என்னையும் படகையும் கொஞ்ச நேரம் பார்த்தார். "மக்ளே, பொழி முறிஞ்சி கெடக்கு. வெள்ளம் எறங்கப்போ அந்தப் பக்கம் போவாத" என்றார். பிறகு, "இப்போ வேண்டாம். நாளைக்கி விடியுமுன்ன வா, நான் கொண்டு காட்டுகேன்" என்றார். மறுநாள் அவருடைய வள்ளத்தில் போனேன். அலையாத்திச் செடிகள் நிற்கும் ஓரமாகக் கழியை ஊன்றி, சத்தமே இல்லாமல் போனார். ஓரிடத்தில் கழியை அப்படியே நிறுத்திக் கையால் காட்டினார். கலங்கல் தண்ணீரில் இரண்டு கரிமீன்கள், நடுவில் தூசி மாதிரி குஞ்சுகள். ஒன்று முன்னால், ஒன்று பின்னால். குஞ்சுகள் விலகும்போதெல்லாம் பின்னால் உள்ளது சுற்றி வந்து சேர்த்தது. கரிமீன் அப்படித்தான், தாயும் தகப்பனும் சேர்ந்து முட்டையையும் குஞ்சையும் காக்கும். அவர் வலையைத் தொடவே இல்லை. வள்ளத்தைப் பின்னுக்குத் தள்ளி வேறு பக்கம் போனார்.

வராலும் குஞ்சு காக்கும் மீன்தான். தேக்கத்தில் தண்ணீர் மேல் செந்நிறமாக ஒரு கூட்டம் கொதிப்பது மாதிரி தெரிந்தால் அது வரால் குஞ்சு, அடியில் தாயோ தகப்பனோ நிற்கிறது. அந்த நேரத்தில் தவளைப் பொம்மையை வீசினால் நிச்சயம் அடிக்கும், சுலபமாகப் பிடிக்கலாம். பிடித்தால் அத்தனை குஞ்சும் மற்ற மீனுக்கு இரை. தயவுசெய்து அந்த இடத்தை விட்டுவிட்டுப் போங்கள்.

மணக்குடியும் சுசீந்திரமும் தேரூரும் பறவைகளுக்காகப் பாதுகாக்கப்பட்ட இடங்கள், சுசீந்திரம் தேரூர் ஈரநிலத்துக்கு 2022-ல் ராம்சர் தகுதியும் கிடைத்தது. தேரூர்க் குளத்தில் கயாக் இறக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். நாரையும் கூழைக்கடாவும் வந்து தங்கும் இடத்துக்குள் நாம் துடுப்போடு போக வேண்டிய தேவை என்ன? மற்ற குளங்களிலும் மீன் பெரும்பாலும் குத்தகைக்காரருடையது, கேட்காமல் தூண்டில் போடக் கூடாது. பேச்சிப்பாறை மாதிரி அணைகளும் அப்படித்தான். அங்கே மேலே காணிப் பழங்குடி மக்கள் ஊருக்குப் போக வரப் படகையே நம்பியிருக்கிறார்கள், அது காட்டுக்குள் உள்ள தண்ணீர், வனத்துறையிடம் கேட்காமல் இறங்கும் இடமில்லை.

வள்ளியாறு சின்னது. இரணியல் பக்கத்திலிருந்து கடியபட்டணம் வரை, மழை முடிந்த சில வாரங்களுக்குக் காற்றடைத்த படகில் ஓரிரு இடத்தில் சுற்றலாம், மற்றபடி தரை தட்டும். அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாயைப் பற்றிக் கேட்கிறவர்கள் அதிகம். திருவனந்தபுரத்திலிருந்து குமரி வரை நீர்வழி போட வேண்டும் என்று 1860-ல் திருவிதாங்கூர் அரசு தோண்டத் தொடங்கிய கால்வாய், முழுதாக முடியவே இல்லை. இன்று பல இடங்களில் ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது. தேங்காய்ப்பட்டணத்துக்கு மேற்கே சில இடங்களில் துடுப்பு போடலாம், ஆனால் திசை நிற்பதற்காகக் கயாக்கின் அடியில் உள்ள செதிலில் ஆகாயத்தாமரை வேர் சிக்கிக்கொண்டே இருக்கும். அதைத் தூர்வாரிப் படகு போகிற கால்வாயாகப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

எப்போது இறங்குவது

எந்தப் படகானாலும் இது பொருந்தும். நமக்கு இரண்டு மழை. ஜூனில் அணை திறந்து பிப்ரவரி வரை பாசனத்துக்குத் தண்ணீர் விடுகிறார்கள், மழை மிஞ்சினால் உபரியை ஆற்றில் விடுவார்கள். நாளிதழில் தினமும் அணை மட்டம் வருகிறது. பேச்சிப்பாறைக்கு முழு அளவு 48 அடி, பெருஞ்சாணிக்கு 77. பேச்சிப்பாறை 42 அடியைத் தாண்டி, மலையில் மழையும் இருந்தால் நான் கோதையாற்றிலும் குழித்துறை ஆற்றிலும் இறங்குவதில்லை. திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை என்ற செய்தி வந்தால் கீழே ஆறு ஏறப்போகிறது என்று அர்த்தம். மார்கழிப் பாதிக்கு மேல் மாசி வரைக்கும் உள்ள நாட்கள்தான் நமக்குப் பொன்னானவை. தண்ணீர் தெளிந்திருக்கும், அளவும் இருக்கும், காற்றும் குறைவு.

அணைக்கட்டுக்கு மேல் தண்ணீர் வழியும்போது அதன் வழியாக இறங்கிப் பார்க்கலாம் என்று ஒருபோதும் நினைக்க வேண்டாம். கீழே விழும் தண்ணீர் திரும்பிச் சுழன்று அணையின் காலடிக்கே இழுக்கும். நன்றாக நீந்துகிறவனையும் விடாது. நூறு மீட்டர் முன்னாலேயே கரையேறுங்கள். மணல் அள்ளிய கயங்கள் குழித்துறை ஆற்றில் நிறைய, முழங்கால் தண்ணீர் என்று நினைத்து இறங்கினால் அடுத்த அடியில் ஆள் மட்டம். நங்கூரக் கல்லைப் படகின் பக்கவாட்டில் கட்டாதீர்கள், ஓட்டம் உள்ள இடத்தில் அது படகைச் சரித்துக் கவிழ்க்கும். முன்னாலோ பின்னாலோ கட்டுங்கள்.

சித்தி மகனுக்குச் சொன்னது

ஆற்றங்கரையில் வீடு, பக்கத்தில் தூக்க ஒரு ஆள், வீச்சுவலை எறியத் தெரியும் என்றால் ஃபைபர் வள்ளம். கார் இருக்கிறது, குழித்துறைக்குக் கீழே அகன்ற தண்ணீர்தான் விருப்பம், தூண்டில் மட்டும் போதும் என்றால் பிளாஸ்டிக் கயாக். நான் இன்று வைத்திருப்பது அதுதான், எனக்குத் தோட்டமும் காரும் உண்டு. மாடி வீடு, ஸ்கூட்டர், எல்லா ஆற்றையும் பார்க்க வேண்டும் என்ற ஆசை என்றால் காற்றடைத்தது. ஆனால் மெல்லிய வினைல் வேண்டாம், இன்னும் ஆறு மாதம் பணம் சேர்த்துத் தடித்த பி.வி.சி. வாங்கு. மணக்குடிக்கு மட்டும் எந்தப் படகையும் வாங்காதே. அங்கே விடியற்காலையில் போய், தெரிந்த ஒருவரின் வள்ளத்தில் அவருக்குரிய கூலியைக் கொடுத்து ஏறு. ஒரு வருடம் அவரோடு போனபிறகு உன் படகை அங்கே இறக்கலாம்.

"அப்போ மஞ்சள் வேண்டாமா அண்ணே?" என்றான்.

"படிக்கட்டுல முப்பது கிலோவைத் தூக்கிட்டு மூணு தடவை ஏறி எறங்கிப் பாரு. அப்புறம் சொல்லு."

நாலு நாள் கழித்துக் கூப்பிட்டான். சிமெண்ட் மூட்டை ஒன்றைத் தூக்கிப் பார்த்தானாம். காற்றடைத்ததே போதும் என்று முடிவு பண்ணிவிட்டான். படகுக்குப் பணம் சேர இன்னும் மாதங்கள் இருக்கின்றன, ஆனால் லைஃப் ஜாக்கெட் இரண்டு இப்போதே வாங்கிவிட்டான், ஒன்று அவனுக்கு, ஒன்று கூட வருகிறவனுக்கு. மார்கழியில் மழை விட்டதும் என் கயாக்கை எடுத்துக்கொண்டு சப்பாத்துக்கு மேலே உள்ள படித்துறைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.